முதல் சொகுசு செடான்: வாங்கியவர்கள் எதை மாற்றச் சொல்கிறார்கள்?

சென்னையில் முதன்முறையாக ஒரு பென்ஸோ பிஎம்டபிள்யூவோ ஆடி காரோ வாங்கப்போகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களும், வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சொல்லும் குறைகளும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

"என்ட்ரி லெவல் லக்ஸரின்னு எந்தக் காரையெல்லாம் சொல்றீங்க?"

ஒரு சொகுசு நிறுவனம் விற்கும் செடான்களில் விலை குறைந்தது எதுவோ அது. இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் லிமோசின், பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே, ஆடி ஏ4 ஆகிய மூன்றும்தான் இந்த இடத்தில் முக்கியமாக நின்றன. 2 சீரிஸ் 2020 அக்டோபரிலும், ஏ-கிளாஸ் லிமோசின் 2021 மார்ச்சிலும் வந்தன. இந்த ஏ4 2021 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் ஆடி ஏ3, மெர்சிடிஸ் சிஎல்ஏ இரண்டும் இதே வேலையைச் செய்தன. அந்தத் தலைமுறைக் கார்கள் இரண்டையும் இன்று பழைய கார் சந்தையில்தான் பார்க்க முடியும்.

"வாங்கினவங்க முதல்ல எதை மாத்தணும்னு சொல்றாங்க? இன்ஜினா?"

இன்ஜினைப் பற்றி வரும் குறை மிகக் குறைவு. ஓட்டுபவருக்கு இந்தக் கார்கள் தரும் திருப்தியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்டியரிங் பிடித்தால் தெரியும் உறுதி, கதவு மூடும் சத்தம், நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது இருக்கும் அமைதி எல்லாம் கொடுத்த காசுக்கு நியாயம் செய்கின்றன.

குறை முழுக்க இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது. ஒன்று பின் இருக்கை, இன்னொன்று டயர். ஐரோப்பாவில் இந்தக் கார் பெரும்பாலும் ஒருவரோ ஒரு தம்பதியோ ஓட்டுவதற்கான கார். நம் ஊரிலோ வீட்டுக்கு ஒரே பெரிய கார் இதுதான். முகூர்த்தத்துக்கும் ஊருக்கும் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போவதும் இதில்தான். யாருக்காக வடிவமைத்தார்களோ அவர்களும் இங்கே வாங்குகிறவர்களும் வேறு வேறு ஆட்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

"நாலரை மீட்டர் நீளம் இருக்கே, பின்னாடி இடம் எப்படிப் பத்தாம போகும்?"

மொத்த நீளத்தைப் பார்க்காதீர்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை, அதாவது வீல்பேஸைப் பாருங்கள். 2 சீரிஸ் கிரான் கூபேக்கு அது 2670 மி.மீ. 2023-இல் வந்த ஹூண்டாய் வெர்னாவுக்கும் அதே 2670 மி.மீ தான். ஆனால் வெர்னாவின் உயரம் 1475 மி.மீ, 2020-இல் வந்த 2 சீரிஸின் உயரம் 1420 மி.மீ. அழகுக்காகக் கூரையைப் பின்பக்கம் சரித்திருப்பதால், அந்த 55 மி.மீ குறைவு முழுக்கப் பின்னால் உட்காருபவரின் தலைக்கு மேல்தான் தெரிகிறது. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமானவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையைத் தொடும் அளவுக்கு நெருங்கும்.

ஏ-கிளாஸின் வீல்பேஸ் 2729 மி.மீ. முட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது, ஆனால் இருக்கைப் பலகை குட்டையாக இருப்பதால் தொடைக்குத் தாங்கல் போதாது. சென்னையிலிருந்து மதுரை வரை பின்னால் உட்கார்ந்து போனவர்கள் சொல்லும் முதல் குறை இதுதான். ஏ4 இந்த மூன்றில் நீளமான வீல்பேஸ் கொண்டது, பின் இருக்கையும் மற்ற இரண்டைவிடத் தேவலை. ஆனால் நடுவில் தரை உயரமாக எழும்பி நிற்கும். மூன்றிலுமே நடுவில் மூன்றாவது ஆள் உட்காருவது சின்னப் பையனாக இருந்தால் மட்டும் சரி.

"அம்மாவுக்கு முட்டி வலி. ஏறி இறங்க முடியுமா?"

இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். ஆனால் பலர் புக்கிங் முடிந்த பிறகு கேட்கிறார்கள். இந்தக் கார்களில் இருக்கை தாழ்வாக இருக்கும். ஏறும்போது உடலைக் கீழே இறக்கி, தலையைக் குனிந்து உள்ளே போக வேண்டும். இறங்கும்போது முட்டியை ஊன்றி எழ வேண்டும். புடவை கட்டியவர்களுக்கும் வேட்டி கட்டியவர்களுக்கும் இது இன்னும் சிரமம். சரிந்த கூரையால் பின்கதவின் மேல்விளிம்பும் தாழ்ந்து வருவதால் தலை இடிக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன் இருக்கையை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டு, அவரைப் பின்னால் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. ஷோரூமின் சமதரையில் ஒரு தடவை, வெளியே தெருவோரமாக நிறுத்தி ஒரு தடவை. சாலையோரம் சரிவாக இருந்தால் இறங்குவது இரண்டு மடங்கு கஷ்டம். அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். அவர் முன்னால் உட்காருவார் என்று முடிவானால், முன் இருக்கையின் உயரத்தை மின்சாரத்தில் ஏற்றும் வசதி பயணிப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

"ஸ்டெப்னியே கிடையாதாமே, நிஜமா?"

பிஎம்டபிள்யூ நீண்ட காலமாக ரன்-பிளாட் டயர்களைப் போட்டு வருகிறது. பக்கச் சுவர் தடிமனான டயர். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கி.மீ வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ தூரம் ஓட்டலாம் என்பதுதான் கணக்கு. மத்திய அரசும் 2020-இல் விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரோடு பஞ்சர் கிட்டும் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதியும் உள்ள காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது.

சென்னைக்குள் இது பெரிய விஷயம் இல்லை. ராமேஸ்வரம் சாலையில் ராத்திரி பதினோரு மணிக்கு டயர் கிழிந்தால் அந்த 80 கி.மீ-க்குள் அதே அளவு டயர் வைத்திருக்கும் கடை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அத்தோடு, பக்கச்சுவர் கிழிந்த ரன்-பிளாட்டைச் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மெர்சிடிஸில் இந்தியாவுக்கென்று ஸ்டெப்னி கொடுப்பார்கள், ஆனால் அது டிக்கியின் தரையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான்கு பேர் ஊருக்குப் போகும்போது பெட்டிகளை எங்கே வைப்பது என்ற குறை அங்கிருந்துதான் வருகிறது. ஸ்டெப்னிக்கு டிக்கித் தரைக்கு அடியில் முறையான பள்ளம் வேண்டும் என்பது உரிமையாளர்கள் பட்டியலில் எப்போதும் மேலே இருக்கும் கோரிக்கை.

"ரன்-பிளாட்டைக் கழட்டிட்டு சாதா டயர் போட்டா என்ன?"

நிறையப் பேர் போடுகிறார்கள். பள்ளத்தில் விழும்போது வரும் 'தடக்' சத்தம் குறைவதை முதல் நாளே உணர முடியும். பக்கச்சுவர் மிருதுவாக வளைவதால் சஸ்பென்ஷனுக்கு வரும் அடி குறைகிறது. விலையும் குறைவு, எல்லா ஊரிலும் கிடைக்கும்.

அதே அளவு, அதே சுமைக் குறியீடு, அதே வேகக் குறியீடு உள்ள டயராக இருக்க வேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், இரண்டு ரன்-பிளாட் இரண்டு சாதா என்று கலக்காதீர்கள். காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் எப்போதும் காரில் இருக்க வேண்டும், முடிந்தால் ஒல்லியான ஸ்டெப்னி ஒன்றும் ஜாக்கியும். கார் வாரண்டியில் இருந்தால், மாற்றுவதற்கு முன் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

"18 இன்ச் வீல்தான் கெத்தா இருக்கு. 17 எதுக்கு?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 225/40 என்று எழுதியிருக்கும் 18 இன்ச் டயரில் பக்கச்சுவரின் உயரம் 225-இல் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. 225/45 என்ற 17 இன்ச் டயரில் அது 101 மி.மீ. வெர்னாவின் 205/55 டயரில் 113 மி.மீ. அலாய் சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள மெத்தை அவ்வளவுதான். மெத்தை மெல்லிசாக ஆக ஆக, பள்ளத்தின் அடி நேராக அலாய்க்குப் போகிறது. அலாய் நெளிந்தது, டயரின் பக்கச்சுவர் பலூன் மாதிரி புடைத்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை 18 இன்ச் கார்களிலிருந்து வருபவை.

இந்த 18-ஐயும் 17-ஐயும் மொத்த விட்டமாகப் பார்த்தால் 637 மி.மீ, 634 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் 17-க்கு மாறினால் ஸ்பீடோமீட்டர் குழம்பாது, கிரவுண்ட் கிளியரன்ஸும் குறையாது. அந்த மாடலின் வேறொரு பதிப்புக்கு நிறுவனமே 17 கொடுத்திருந்தால், அந்த அலாயைத் தேடி வாங்குவதுதான் பாதுகாப்பான வழி. என்னைக் கேட்டால், நம் சாலைக்கு இந்த விலைக் காரில் 17-க்கு மேல் கொடுக்கவே கூடாது.

"ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்குமா?"

விதிப்படி போட்ட வேகத்தடையில் வாங்காது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி அகலமாக இருந்தால் கார் அலை மாதிரி ஏறி இறங்கும். தெருவுக்குத் தெரு நாமே போட்டுக்கொள்ளும் குறுகலான மேடுகள்தான் பிரச்சினை. ஆள் நிறைய இருக்கும்போது வண்டியின் நடுப்பகுதி உரசும். சாய்வாக, ஒரு சக்கரத்துக்குப் பின் இன்னொன்றாக ஏற்றுங்கள். அடித்தளப் பார்க்கிங் உள்ள அடுக்குமாடியில் இருப்பவர்கள், டெஸ்ட் டிரைவ் காரை அந்தச் சரிவில் ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. முன் பம்பரின் கீழ் உதடு அங்கேதான் அடிபடும்.

"20 லட்சத்துக்குள்ள வர்ற வெர்னாவிலயே சீட் கூலிங் இருக்கு. இதுல ஏன் இல்ல?"

கேள்வி முழுக்க நியாயம். வெர்னாவின் உயர் பதிப்பில் முன் இருக்கைகளுக்குக் காற்றோட்டம் உண்டு, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கட்டுப்பாடும் உண்டு. இங்கே விற்ற ஏ-கிளாஸிலும் முதல் தலைமுறை 2 சீரிஸிலும் இருக்கைக் காற்றோட்டம் இல்லை. சிகாகோவின் குளிருக்கும் மியூனிக்கின் குளிருக்கும் இருக்கையைச் சூடாக்கும் வசதி போதும். மே மாத அண்ணா சாலையில் தோல் போன்ற செயற்கை உறை போட்ட இருக்கையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும்.

ஒரே காரை உலகம் முழுக்க விற்கும்போது, கீழ்விலை மாடலுக்கு எந்த வசதியைத் தருவது என்பதை நிறுவனம் மற்ற மாடல்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அடுத்த விலைப்படியில் இருக்கும் சி-கிளாஸுக்கும் 3 சீரிஸுக்கும் ஏறிப் போக ஒரு காரணம் மிச்சம் வைக்க வேண்டும் அல்லவா? ஆனால் இந்திய வாடிக்கையாளர் ஒப்பிடுவது மேலே உள்ள காரோடு அல்ல, தன் வீட்டில் ஏற்கெனவே நிற்கும் காரோடு. அதில் இருந்த வசதி இரண்டு மடங்கு விலை கொடுத்த பிறகு காணாமல் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். விற்பனையாளரிடம் வசதிப் பட்டியலைக் கேட்கும்போது, இப்போதைய காரில் நீங்கள் தினமும் பயன்படுத்தும் வசதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "இருக்கும் சார்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"எல்லாத்தையும் ஸ்கிரீனுக்குள்ள வச்சிட்டாங்களே, ஏசியக் கூட..."

ஆமாம், இது வருடத்துக்கு வருடம் அதிகமாகிறது. 2023 முகமாற்றத்தில் ஏ-கிளாஸின் நடுவில் இருந்த தொடுபலகை போனது. 2025-இல் வந்த புதிய 2 சீரிஸில் பிஎம்டபிள்யூவின் பெயர் சொல்லும், ஸ்கிரீனை இயக்கும் அந்தச் சுழல் குமிழே இல்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையாலேயே தடவி வேலை பார்க்க முடிந்த ஒரு நல்ல ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற அவசியமான வேலைகளுக்குத் தனிப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதித்திருக்கிறது. ஏசிக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

பழைய கார் வாங்குகிறீர்கள் என்றால், குமிழ் உள்ள 2 சீரிஸைத் தேடுவது வெறும் பழமை மோகம் இல்லை. ஓட்டிப் பார்த்தால் புரியும்.

"ஓஎம்ஆர் டிராஃபிக்ல கியர் இழுத்து இழுத்துப் போகுதே, பழுதா?"

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் கார்களில் பெட்ரோல் பதிப்புகளுக்குப் பெரும்பாலும் 7 கியர் கொண்ட இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்தான். வேகமாகப் போகும்போது அருமையாக மாற்றும். நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் விட்டும் போக வேண்டியிருப்பதால் லேசான உதறல் தெரியும். பிரேக்கை அரைகுறையாக அமுக்கிக்கொண்டே ஊர்ந்து போவதுதான் அதை அதிகமாக்குகிறது. முன்னால் ஒரு கார் அளவு இடம் விடும் வரை நின்று, பிறகு முழுதாக விட்டு நகருங்கள். 2 சீரிஸின் பழைய டீசல் பதிப்பான 220டி-யில் 8 கியர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக் இருந்தது. நெரிசலில் அதுதான் மிருதுவானது. உதறலோடு எச்சரிக்கை விளக்கும் வந்தாலோ எரிந்த வாசனை வந்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள்.

"பென்ஸ்ல 1.3 லிட்டர், பிஎம்டபிள்யூல 3 சிலிண்டர். இதுக்கா இவ்ளோ காசு?"

ஏ-கிளாஸின் பெட்ரோல் பதிப்பான ஏ 200-இன் 1.3 லிட்டர் டர்போ 163 குதிரைத்திறன் தருகிறது. அது ரெனோ-நிசான் கூட்டணியோடு சேர்ந்து உருவாக்கியது. புதிய 2 சீரிஸின் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் 156 குதிரைத்திறன். ஆடி ஏ4-இல் 2 லிட்டர். ஊருக்குள் ஓட்ட மூன்றுமே போதும்.

குறை எங்கே என்றால், முந்தைய பெட்ரோல் 2 சீரிஸான 220ஐ-யில் 2 லிட்டரும் 190 குதிரைத்திறனும் இருந்தன. அதை ஓட்டியவர் புதியதற்கு மாறினால் கீழே இறங்கின மாதிரிதான் இருக்கும், அழுத்தி மிதிக்கும்போது சத்தமும் வேறாக இருக்கும். ஓட்டும் சுகத்துக்காகவே பிஎம்டபிள்யூ வாங்குபவர் என்றால் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குடும்பத்துக்கு என்றால் இந்தக் கேள்வியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பின் இருக்கைக் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

"பழைய டீசல் கிடைக்குது. எடுக்கலாமா?"

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தள்ள, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிட ஓட்டம் தேவை. தினமும் அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை மட்டும் போய் வருகிறவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது, வடிகட்டி அடைத்து விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது செங்கல்பட்டு தாண்டிப் போகிறவர்களுக்கு டீசல்தான் சிறந்தது. 220டி-யின் இழுவை 400 நியூட்டன் மீட்டர்.

"இ20 பெட்ரோல் போட்டா இன்ஜின் போயிடுமா?"

2023 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே தயாரான கார்களின் எரிபொருள் குழாய்களும் ரப்பர் பாகங்களும் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய கார் என்றால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதையும் கையேட்டையும் பாருங்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், மைலேஜ் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதிகம் ஓட்டாத காரில் மாதக்கணக்கில் டேங்கில் தேங்க விடாதீர்கள்.

"சென்னையிலயே செய்யறாங்க, அப்புறம் ஏன் இந்த விலை?"

பிஎம்டபிள்யூ ஆலை 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இயங்குகிறது. 2 சீரிஸ் அங்கேதான் கோக்கப்படுகிறது. பாகங்களாகக் கொண்டுவந்து கோப்பதால் முழுக் காரை இறக்குமதி செய்யும்போது வரும் பெரிய சுங்கவரி தப்பிக்கிறது. ஆனால் மற்ற வரிகள் அப்படியே இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22-க்கு முன் 2 லிட்டர் செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 48 சதவீதம், 1.3 லிட்டருக்கு 45 சதவீதம். அதற்குப் பிறகு இரண்டுக்கும் 40 சதவீதம்.

அதன் மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். 45 லட்ச ரூபாய்க் காருக்கு அது மட்டும் சுமார் 9 லட்சம். ஆன்-ரோடு விலையைப் பார்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும், விளம்பரத்தில் வரும் விலையைப் பார்த்து அல்ல. பத்து லட்சம் வித்தியாசத்தில் தடுமாறி, கடைசியில் இன்சூரன்ஸில் கைவைப்பவர்களைப் பார்க்கிறேன். அது மிக மோசமான சிக்கனம். காரணம் அடுத்த பதிலில்.

"வேளச்சேரில இருக்கேன். மழைல என்ன பண்றது?"

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் இந்தக் கேள்விக்குக் காரணம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே உங்கள் பகுதிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அதைவிட நல்ல யோசனை என்னிடமும் இல்லை. தாழ்வான செடான், அதன் காற்று உறிஞ்சும் வாயும் தாழ்வு. இன்ஜினுக்குள் தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்தால் உள்ளே ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு கட்டாயம் வேண்டும், கூடவே, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷனும். கார் முழுக்க மூழ்கினால் வாங்கிய விலையைத் திருப்பித் தரும் கூடுதல் காப்பீட்டை முதல் மூன்று வருடங்களுக்காவது எடுத்து வைக்கலாம்.

தண்ணீர் கதவு வரை வந்து வடிந்திருந்தால், ஸ்டார்ட் பொத்தானைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, காரைத் தூக்கி வைத்துப் போகும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பார்க்கக் காய்ந்துபோன மாதிரி இருந்தாலும் அப்படியே.

"பின்னாடி வெயில் அடிக்குது, கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?"

கறுப்பு ஃபிலிமுக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் போக வேண்டும். அந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. அங்கே சொன்னதை இங்கே சாலையில் நிற்கும் காவலர் ஏற்றுக்கொள்வார் என்று எண்ணி ஒட்ட வேண்டாம். உள் அலங்காரத்தில் பழுப்பு அல்லது வெளிர் நிறம் கிடைத்தால் அதை எடுங்கள். பெரிய கண்ணாடிக் கூரையின் திரையைப் பகலில் மூடியே வையுங்கள்.

"அதே காசுக்கு மூணு வருஷப் பழைய சி-கிளாஸ் வருதே?"

பின் இருக்கைதான் உங்கள் கவலை என்றால், என் பதில் ஆமாம். 2022-இல் வந்த சி-கிளாஸின் வீல்பேஸ் 2865 மி.மீ. 3 சீரிஸின் நீளமான பதிப்பு இன்னும் பெரியது, 2961 மி.மீ. சொகுசுக் கார்கள் முதல் சில வருடங்களில்தான் வேகமாக மதிப்பு இழக்கின்றன. அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் பராமரிப்புச் செலவு சி-கிளாஸுக்கு உரியதுதான், கார் பழசு என்பதால் பாகம் மலிவாகாது. வாரண்டியை நீட்டிக்க முடிகிற காராக, சர்வீஸ் பதிவு முழுதாக உள்ள காராகப் பாருங்கள். மேலே சொன்ன மழைக் கேள்வியை நினைவில் வைத்து, வெள்ளத்தில் நின்ற காரா என்று தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரக் கார் பக்கம், சீன நிறுவனமான பிஒய்டியின் சீல் 2024 மார்ச்சில் 41 லட்சத்தில் தொடங்கியது, வீல்பேஸ் 2920 மி.மீ. கால் நீட்ட இடம் தாராளம். பேட்டரி அடியில் இருப்பதால் தரை உயர்ந்து முட்டி மேலே தூக்கிக்கொள்ளும். முட்டி வலி உள்ளவரை அதிலும் உட்கார வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

"ஏற்கெனவே வாங்கியாச்சு. இப்ப எதுல காசு போடலாம்?"

முதலில் கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும். அடுத்து, இருக்கிற டயர் தேய்ந்ததும் மேலே சொன்னபடி 17 இன்ச், சாதா டயர். வாரண்டி முடிவதற்கு முன்பே நீட்டிப்பு. பிஎம்டபிள்யூ பொதுவாக 2 வருடமும் மெர்சிடிஸ் 3 வருடமும் தருகின்றன, தேதி தாண்டினால் நீட்டிப்பது சிரமம். பேட்டரி மாற்றும்போது வெளியே மாற்றினால், புதிய பேட்டரியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கருவி அந்த மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதியாமல் விட்டால் பழைய பேட்டரிக்குப் போல சார்ஜ் ஏற்றி, புதியதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

சஸ்பென்ஷனை உயர்த்தும் ஸ்பேசர், பெரிய ஸ்பாய்லர், வெளியில் வாங்கிப் பொருத்தும் ஸ்கிரீன் எல்லாம் வேண்டாம். மின்சார வயரை வெட்டிச் செய்யும் எந்த வேலையும் வாரண்டியைக் கெடுக்கும்.

"கம்பெனிக்காரங்க கிட்ட ஒரே ஒரு மாற்றம் கேக்கலாம்னா என்ன கேப்பீங்க?"

நீளமான வீல்பேஸ். அது முடியாத காரியம் இல்லை. சீனாவுக்காக மெர்சிடிஸ் 2018-இலேயே ஏ-கிளாஸ் செடானை 60 மி.மீ நீட்டி, 2789 மி.மீ வீல்பேஸில் செய்தது. அந்த 60 மி.மீ முழுக்கப் பின்னால் உட்காருபவரின் முட்டிக்குப் போகிறது. ஆடியும் ஏ4-ஐ அங்கே நீட்டித்தான் விற்றது. வடிவமும் அச்சும் கைவசம் இருந்தும் இங்கே வந்தது குட்டையான ஏ-கிளாஸ்.

வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றும் செலவுதான் தடை என்று சொல்லலாம். ஆனால் 2017-இல் நீளமான இ-கிளாஸை வலப்பக்க ஸ்டியரிங்கோடு இந்தியாவுக்கென்று செய்து கொடுத்தார்கள். 2021-இல் பிஎம்டபிள்யூ நீளமான 3 சீரிஸைக் கொண்டு வந்தது. இரண்டையும் இங்கே மக்கள் விரும்பி வாங்கினார்கள். ஷோரூமில் கருத்துப் படிவம் கொடுக்கும்போது நட்சத்திரத்தை மட்டும் நிரப்பிவிட்டு வராமல், பின் இருக்கை நீளம் வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.